முக்கால் முஷ்டி

கல்யாணமான பெண்கள் புருஷனின் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு. அவள் கற்றுக்கொண்டது அவன் கையை. காரணம் ரொம்ப எளிது. அவள் கிரேன் ஓட்டுபவள், அவன் தரையில் நின்று அவளுக்குச் சைகை காட்டுபவன். மேலே கண்ணாடிக் கூண்டிலிருந்து பார்த்தால் அவன் முகம் மஞ்சள் ஹெல்மெட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். கை மட்டும்தான் தெரியும்.

யார்டில் அவனுக்குக் கைகாட்டி என்று பெயர். அவளுக்கு மேலிடம். சாயங்காலம் டீ குடிக்கக் கூப்பிடும்போதுகூட, மேலிடத்து உத்தரவு வாங்கியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் அவனைக் கூப்பிடுவார்கள். பெண்டாட்டி நிஜமாகவே தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஒரே ஆம்பளை இவன்தான் என்று கூட வேலை செய்கிற மொட்டை தினமும் சொல்வான், தினமும் தானே சிரித்துக்கொள்வான். கைகாட்டியும் சும்மா விடமாட்டான். தான் கையை மூடினால் அடுத்த நொடி நிற்கிற பெண்டாட்டி தன்னுடையவள், உன் வீட்டில் அது நடக்குமா என்று திருப்பிக் கேட்பான்.

அங்கே சுவர்களை முழுசு முழுசாகக் கான்கிரீட்டில் வார்த்துக் காயவைத்து, பக்கத்திலேயே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். பேனல் என்பார்கள். ஒவ்வொன்றும் லோடு ஏற்றிய லாரி கனம். பேனல் உட்காரப்போகிற இடத்துக்கு ஒரு சாண் மேலே கிரேன் நிற்க வேண்டும். அந்தச் சந்தில் மொட்டை கையை விட்டு, மட்டம் சரியாவதற்காக மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்குவான். அவன் கையை வெளியே எடுத்த பிறகுதான் மிச்ச இறக்கம். வாக்கி டாக்கி இருந்தது, ஆனால் இரண்டு கிரேனுக்கும் ஒரே அலைவரிசை. இந்த ஆளுக்குச் சொன்னது அந்த ஆள் காதில் போய் விழும். அதனால் கடைசி ஓர் ஆள் உயரத்துக்குக் கைச்சைகைதான் சட்டம். விரல்கள் பாதி மடங்கியிருந்தால் மெதுவாக இறக்கு. முஷ்டியை இறுக மூடினால் நிறுத்து.

அவன் முழங்கையில் தோல் வெள்ளைச் செதிலாக உரிய ஆரம்பித்தபோது, சிமெண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதோ களிம்பைத் தடவிக்கொண்டான். நகங்களில் ஊசியால் குத்தியதுபோலக் குழிகள் விழுந்தன. அந்தப் பழியையும் சிமெண்ட் தலையிலேயே கட்டினான். வலது கை ஆள்காட்டி விரல் ஒருநாள் காலையில் அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனாக வீங்கி, சட்டைப் பொத்தான் போட முடியாமல் நின்றபோதுதான் அவள் அவனை மூட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, பென்சில் முனையால் காட்டிச் சொன்னார்.

"எலும்பு கல்லு மாதிரி சும்மா கிடக்கிற பொருள் இல்ல. உள்ள எப்பவும் வேலை நடந்துட்டே இருக்கும். ஒரு கூட்டம் செல்லு பழசை அரிச்சு எடுக்கும், இன்னொரு கூட்டம் அந்த இடத்துல புதுசு வைக்கும். இவருக்குத் தோல்ல இருக்கிற சொரியாசிஸ் மூட்டுக்குள்ளயும் வந்திருக்கு. அந்த வீக்கம் ரெண்டு கூட்டத்தையும் கெடுத்துவிடுது. இருக்க வேண்டிய இடத்துல எலும்பைத் தின்னுது. வேண்டாத இடத்துல கட்டுது."

அவளுக்கு உடனே விளங்கியது. பிளான் பார்க்கத் தெரியாத கொத்தனாரிடம் வீட்டை ஒப்படைத்தால் தூணைக் கொத்திவிட்டு, கதவு திறக்கிற இடத்தில் சுவரை எழுப்புவான். அவன் விரலுக்குள் அப்படி ஓர் ஆள் புகுந்திருந்தான். அரித்துப்போன எலும்பு திரும்ப வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டரம்மா வாரம் ஒருமுறை போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இடையிடையே ரத்தம் பார்க்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

அவன் தானாக நிறுத்தினான். மாத்திரை போட்ட மறுநாள் குமட்டிக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே லாரி கனத்தில் பேனல் தொங்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு ஓட முடியுமா என்று கேட்டான். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு காலத்தை ஓட்டினான். கொஞ்ச மாதம் போனதும் ஆள்காட்டி விரலில் வலி சுத்தமாக நின்றுவிட்டது. பார்த்தாயா, தானாகவே சரியாகிவிட்டது என்று அந்த விரலைத் தூக்கிக் காட்டினான். விரல் நேராக நின்றது. மடங்கவில்லை. அதை இரண்டு பேருமே பேசவில்லை.

வீங்கின கைக்கு இரண்டு அளவு பெரிய கையுறை வாங்கிக்கொண்டான். சூப்பர்வைசர் கண்ணில் எதுவும் படவில்லை. ஷூ கயிற்றை மகள் கட்டிவிட்டாள், அது ஏதோ அப்பாவுக்கும் மகளுக்கும் உள்ள விளையாட்டு மாதிரி. அவள் டாக்டர் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவன் வலது கையைத் தூக்கி முஷ்டி பிடிப்பான். நிறுத்து. அவளும் நிறுத்திவிடுவாள். வேலையில் பழகின பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது.

அந்த முஷ்டி ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. முதலில் ஆள்காட்டி விரல் மட்டும் தனியே நின்றது. பிறகு மோதிர விரல் முரண்டு பிடித்தது. பிறகு மற்றவையும் பாதியில் நின்றுகொண்டன. முழு முஷ்டி முக்கால் ஆகி, முக்கால் கரைந்துகொண்டே போனது. அவள் கண் அதன் பின்னாலேயே போய்ப் பழகிக்கொண்டது. மணிக்கட்டு கீழே சாய்ந்தால் இறக்கு, மணிக்கட்டு நிமிர்ந்தால் நிறுத்து என்று அவளாகவே ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டாள். அதை அவனிடம்கூட அவள் சொன்னதில்லை. அவன் கையை மூட நினைப்பான், கிரேன் நிற்கும். ஆக, தன் கை மூடுகிறது என்றுதான் அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

கிரேன் ஓட்டுபவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு வந்தது. அவள் முறை வந்த அன்றைக்கு அவள் கேபினில் உட்கார வெளியிலிருந்து ஒருவரை அனுப்பியிருந்தார்கள். தடித்த கண்ணாடி போட்ட, அமைதியான நடுவயதுக்காரர். ஏணியில் ஏறுவதற்கு முன்னால் அவளைத் தேடி வந்து, சைகை காட்டுகிற ஆளைப் பற்றித் தான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணே. அவர் கையைப் பார்த்தாலே போதும்," என்றாள் அவள். சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது.

வகுப்பு யார்டின் கோடியில் ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. மின்விசிறி சுற்றுவதைவிட அதிகமாகக் கத்தியது. பாதுகாப்பு அதிகாரி தூங்குகிறவர்களை எழுப்புகிற குரலில் பேசினார். இறக்கு, ஏற்று எல்லாம் நியமித்த ஆள் ஒருவர் காட்டினால்தான் செய்ய வேண்டும், ஆனால் நிறுத்து என்பதை யார் காட்டினாலும், வாசலில் நிற்கிற காவலாளி காட்டினாலும், உடனே நிறுத்த வேண்டும் என்றார். பிறகு திரையில் ஒவ்வொரு கையாகப் போட்டு ஆளுக்கு ஒன்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் முறை வந்தது. மணிக்கட்டு நிமிர்ந்து, விரல்கள் பாதி மடங்கிய ஒரு கை.

"நிறுத்து," என்றாள், யோசிக்காமல்.

கொட்டகை சிரித்தது. மேலிடமே தப்பு செய்தால் கீழே இருக்கிறவர்கள் கதி என்ன என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதிகாரியும் சிரித்துக்கொண்டே அது மெதுவாக இறக்கு என்று திருத்திவிட்டு அடுத்த படத்தைப் போட்டார். ஐந்து விரலும் இறுகிய முஷ்டி. அவள் அதைப் பார்த்தாள். எங்கேயோ பழைய காலத்தில் பார்த்த கை மாதிரி இருந்தது. தன் கேபினிலிருந்து கடைசியாக எப்போது அப்படி ஒரு முஷ்டியைப் பார்த்தோம் என்று யோசித்தாள். ஞாபகத்துக்கு வரவே இல்லை.

வெளியே கிரேன் நகரும் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டடத்தின் விளிம்புக்கு மேலே ஒரு பேனல் ஏற்கெனவே கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் எழுந்ததில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. அதிகாரி ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை.

கம்பிக் கட்டுகளைத் தாண்டி, சிமெண்ட் மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு அவள் ஓடினாள். பக்கத்தில் யாரோ இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினது அவளுக்கே கேட்கவில்லை. சிவப்புப் பட்டை கட்டின எல்லைக்கு வந்தபோது அவன் முதுகு தெரிந்தது. இடது கையில் பேனல் ஆடாமல் பிடித்திருக்கும் கயிறு. அதை விட்டால் பேனல் சுழன்று மொட்டை மேலேயே மோதும். வலது கை மேலே தூக்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கையை அவள் தரையிலிருந்து பார்த்ததே இல்லை. பெரிய கையுறைக்குள், பாதி மடங்கிய விரல்கள். மெதுவாக இறக்கு என்பதைத் தவிர அது வேறு எதுவும் இல்லை.

மேலே இருந்தவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ரொம்ப நல்லபடியாக, விரற்கடை விரற்கடையாக இறக்கிக்கொண்டிருந்தார். கீழே மொட்டை குந்தியிருந்தான். பேனல் ஒரு சாணில் நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். எப்போதும் நின்றிருக்கிறது. அதனால் அண்ணாந்துகூடப் பார்க்காமல் சந்துக்குள் ஒரு கையை விட்டபடி, முகத்தைத் திருப்பி அடுத்த தகட்டைத் தேடிக்கொண்டிருந்தான். கைகாட்டி கையை இன்னும் உயரத் தூக்கினான். உதறினான். மொட்டையைக் கூப்பிட்டுக் கத்தினான், இரும்பு அறுக்கிற சத்தம் அதை விழுங்கிவிட்டது. தன் மனசுக்குள் அவன் முழு பலத்தோடு முஷ்டியை மூடிக்கொண்டிருந்தான். மேலே இருந்தவர், இன்னும் மெதுவாக என்கிறார் போலிருக்கிறது என்று இன்னும் மெதுவாக இறக்கினார்.

அவள் அடுக்கிவைத்த மரச்சட்டங்கள் மேல் ஏறி நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி முஷ்டியை மூடினாள். நகம் உள்ளங்கையில் குத்துகிற அளவுக்கு மூடினாள். கண்ணாடிக்காரர் தன் பக்கம் திரும்ப வேண்டுமே என்று கையை இறக்காமல் பிடித்திருந்தாள். கேபினில் ஒரு தலை திரும்பியது. பேனல் ஒரு குலுக்கலோடு நின்றது.

அதே சமயம் மொட்டை அலறினான். கையைப் பிடுங்கிக்கொண்டு மல்லாக்க விழுந்தான். பேனலுக்கும் அடிக் கான்கிரீட்டுக்கும் நடுவில் அவன் கையுறை மட்டும் சிக்கித் தொங்கியது. அவன் உட்கார்ந்து வெறுங்கையை முகத்துக்கு நேரே பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். எண்ணி முடித்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். தினமும் நக்கலடிக்கிற அந்த வாய் திறந்தபடியே இருந்தது.

பேனலை மறுபடி தூக்கிப் பத்திரமாகச் சாய்த்துவைத்த பிறகு சூப்பர்வைசர் வந்தார். கண்ணாடிக்காரரும் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். கைகாட்டிக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. தான் நிறுத்து என்று காட்டியும் இந்த ஆள் இறக்கிக்கொண்டே வந்தார், கண் தெரியாதவரை எல்லாம் யார் மேலே ஏற்றியது என்று கத்தினான். கண்ணாடிக்காரர் பதிலுக்குக் கத்தவில்லை.

"சார், இவர் மெதுவா இறக்கச் சொல்லித்தான் காட்டினார். என் பிள்ளைங்க மேல சத்தியம்," என்றார்.

சூப்பர்வைசர் யார் பேச்சை நம்புவார் என்பதில் சந்தேகமே இல்லை. இத்தனை வருஷத்தில் கைகாட்டி நின்ற இடத்தில் ஒருவருக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. வெளியிலிருந்து வந்தவரை அனுப்பிவிட்டு, இனி எந்த யார்டும் எடுக்காதபடி எழுதிவிட்டால் கதை முடிந்தது. அவர் அதற்குத்தான் வாயைத் திறந்தார். கைகாட்டி முந்திக்கொண்டான்.

"நான் சொல்றது வேணாம் சார். இவளைக் கேளுங்க. என் கையை இவளைவிட யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு நிச்சயம் அவனுக்கு. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை தப்பும், மானம் தப்பும், நாளைக்கு அவள் மேலே ஏறிவிடுவாள், கிரேன் பழையபடி நிற்கும். கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். மொட்டை இன்னும் தன் விரல்களை விடவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம்தான் பெரிசாக இருந்தது.

"கையுறையைக் கழட்டுங்க," என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். வீங்கிச் சிவந்து, குழி விழுந்த நகங்களோடு அந்தக் கை வெளியே வந்ததும் சூப்பர்வைசர் அரை அடி பின்னால் போனார்.

"மூடுங்க."

அவன் மூடினான். கழுத்து நரம்பு புடைத்தது.

"மூடிட்டேன்."

அவள் தன் இரண்டு விரல்களைச் சேர்த்து அந்த முஷ்டிக்குள் விட்டாள். தடையே இல்லாமல் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தன. அவன் குனிந்து பார்த்தான். தன் கையை இப்போதுதான் பார்க்கிறவன்போலப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எத்தனை நாளா இப்படி?" என்று அவளைக் கேட்டான்.

"ரொம்ப நாளா."

"ஏன் சொல்லல?"

"எனக்குப் புரிஞ்சுதே," என்றாள்.

கண்ணாடிக்காரர் மேல் பழி விழவில்லை. கைகாட்டியைச் சைகை வேலையிலிருந்து எடுத்து, சாமான் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். இரண்டு பேருக்கும் தாளில் எச்சரிக்கை வந்தது. மொட்டை தன் ஓட்டைக் கையுறையைக் கொண்டுவந்து அவன் முன்னால் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

டாக்டரம்மா புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். மோதிர விரலில் ஒரு மூட்டின் எலும்பு முனை சீவின பென்சில் மாதிரி கூராகித் தேய்ந்திருந்தது. அதன் ஓரங்களில் புது எலும்பு பஞ்சுபோலப் பிசிறடித்திருந்தது. ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் முன்பு கறுப்பாக ஒரு கோடு தெரிந்த இடத்தில் இப்போது கோடே இல்லை. அந்த விரலில்தான் வலியே கிடையாது என்று அவன் கொஞ்சம் தெம்பாகச் சொன்னான்.

"வலி போனது குணமானதால இல்ல," என்றார் டாக்டரம்மா. "ரெண்டு எலும்பும் ஒண்ணா ஒட்டிப்போச்சு. அசையாத இடத்துல வலி எங்கேர்ந்து வரும்? மத்த விரல்கள்ல வலிக்குதுன்னா, அங்க இன்னும் மூட்டு மிச்சம் இருக்கு. அதுக்குத்தான் இப்ப மருந்து."

குமட்டலுக்கும் வழி இருந்ததாம். சொல்லியிருந்தால் அளவை மாற்றியிருப்பேன், இல்லாவிட்டால் ஊசிக்குப் போயிருப்பேன் என்றார். அவன் தலையாட்டினான். அந்த வாரம் முழுக்கவே அவளிடம் சரியாக முகம் கொடுக்கவில்லை. ஊர் முன்னால் கையை உரித்துக் காட்டிவிட்டாள் என்ற கோபம் ஒரு பக்கம், அவள் மறைத்துவைத்தாள் என்ற கோபம் இன்னொரு பக்கம். எதற்கு முதலில் கோபப்படுவது என்று தெரியாமல் திண்டாடினான்.

மாத்திரை நாள் வந்தது. சாப்பாட்டு மேஜையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தண்ணீர் டம்ளரை அவன் முன்னால் வைத்து, இன்றைக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவன் நிமிராமல் வலது கையைத் தூக்கினான். பாதி மடங்கிய விரல்கள், நிமிர்ந்த மணிக்கட்டு. நிறுத்து.

"எனக்குப் புரியல," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

"புரியல. வாயைத் திறந்து சொல்லுங்க."

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தூக்கின கை அப்படியே நின்றது. அவளும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கை தானாகக் கீழே இறங்கி மேஜை மேல் வந்து கிடந்தது.

"வலிக்குது," என்றான்.

"எங்க?"

இடது கை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். கட்டை விரல். நடு விரல். மோதிர விரல். சுண்டு விரல். ஆள்காட்டி விரலுக்கு வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டான்.

"இதுல மட்டும் இல்ல," என்றான். அதைச் சொல்லும்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.